மருந்துக் கடையில் ஆஸ்துமாக் கல்வி: இண்டியானாபொலிஸ் ஆய்வு குறித்து ஒரு மறுபரிசீலனை

ஆஸ்துமா நோயாளிக்கு மருந்தாளுநர் அளிக்கும் கல்வியால் விசேஷப் பயன் இல்லையென வாதிப்போர் ஆதாரமாகக் கொள்ளத்தக்க நூற்சான்று, வைன்பெர்கர் முதலியோர் 2002 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட இண்டியானாபொலிஸ் ஆய்வாகும். 36 மருந்துக் கடைகளில், ஆஸ்துமாவோ நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ உடைய 1,113 பேரை ஓராண்டுக் காலம் தொடர்ந்த அவ்வுழைப்பு போற்றுதற்குரியது. மூச்சளவைக் கண்காணிப்பதைவிட மருந்தாளுநர் கவனிப்பால் விளைந்த பயன் சொற்பமே என்னும் அதன் முடிவுரையை மட்டும் நான் அங்கீகரிப்பதற்கில்லை.

1956இல் அளவிட்டு மருந்தைப் பீய்ச்சும் அழுத்த இன்ஹேலர் விற்பனைக்கு வந்தபின், விசையை அழுத்துவதும் மூச்சை உள்ளிழுப்பதும் ஒருங்கே நிகழாவிடில் மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும் என்ற சங்கடமும் உடன் வந்தது. மருந்தின் பயனுக்கும் மருந்தாளுநர் பொறுப்பாவார் என்று மருந்தாளுமைத் துறைப் பேராசிரியர்களான ஹெப்ளரும் ஸ்ட்ராண்டும் 1990இல் எழுதியதன் வாயிலாக, இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறையைக் கற்பிக்கும் கடமை ஒரு சித்தாந்த வடிவம் பெற்றது.

இண்டியானாபொலிஸ் ஆய்வில் நான் நெடிது நின்று நோக்கியது அதன் இடைக் குழுவை. மருந்தாளுநர் கவனித்த முதற்குழுவினரின் மூச்சளவு முதலிய விவரங்கள் மருந்தாளுநரிடம் சேர்ப்பிக்கப்பட்டன. மூன்றாங்குழுவினர் வழக்கமான கவனிப்பையே பெற்றனர். இடைக் குழுவினருக்கோ மூச்சின் வேகத்தை அளக்கும் கருவி தரப்பட்டு, அதைப் பயன்படுத்தும் முறையும் கற்பிக்கப்பட்டு, மாதந்தோறும் தொலைபேசியில் அளவும் கேட்கப்பட்டது. தன் சுவாசத்தைத் தானே அளக்கக் கற்று, மாதம் ஒருமுறை அதைப் பிறர்க்கு உரைக்கவும் கடமைப்பட்ட ஒருவரைக் கல்வி பெறாதவர் என்று எவ்வாறு கருதுவது? மருந்தாளுநர் குழுவுக்கும் இக்குழுவுக்கும் வேறுபாடு சொற்பம் என்பதால் நிரூபணமாவது, ஒரு கல்விக்கும் மற்றொரு கல்விக்கும் இடையே உள்ள தூரம் சிறிது என்பதே; வழக்கமான கவனிப்புப் பெற்றாரைவிட மருந்தாளுநர் குழுவினரின் மூச்சளவு உயர்ந்திருந்ததை அவ்வாசிரியர்களே ஒப்புகின்றனர்.

மருந்தாளுநரிடம் கற்ற ஆஸ்துமா நோயாளிகள், வழக்கமான கவனிப்புப் பெற்றாரினும் அதிகமாக மூச்சுத் தொல்லைக்கென அவசரப் பிரிவையும் மருத்துவமனையையும் நாடினர் என்பதே இவ்வாய்வின் கடினமான இடம். அபாயக் குறியை அறியக் கற்றவர் காலந்தாழ்த்தாது வைத்தியரை அணுகினார் என்றே அதை நான் கொள்கிறேன். நோய் முற்றியதே காரணமாயின் மூச்சளவு தாழ்ந்திருக்க வேண்டுமன்றோ? ஆயினும் மேற்கூறிய மூச்சளவு இருவகை நோயாளரையும் சேர்த்துக் கணித்ததாதலின், இவ்வாதம் அனுமானத்தின் பாற்பட்டதேயன்றிப் பிரத்தியட்சப் பிரமாணம் ஆகாது.

கடையில் தனித்து நின்று போதிப்பதற்கும், வைத்தியரோடும் செவிலியரோடும் இணைந்து போதிப்பதற்கும் உள்ள பேதம் ஃபின்லாந்தில் புலப்படுகிறது. 1994இல் அங்கே தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தில், ஆஸ்துமாப் பொறுப்பேற்ற வைத்தியர், செவிலியரோடு 695 மருந்தாளுநரும், அதாவது நாட்டின் 94 சதவீத மருந்துக் கடைகளும், ஒரே வலையாகப் பின்னப்பட்டனர். 1993இல் 1,10,000 ஆக இருந்த ஆஸ்துமா மருத்துவமனை நாட்கள், நோயாளரின் தொகை பெருகியும், 2003இல் 51,000 ஆகக் குறைந்தன. ஆனால், நுரையீரலுக்குள் இழுக்கும் ஸ்டீராய்டைத் தொடக்கத்திலேயே கொடுக்கும் வழக்கமும் அதே காலத்தில் பரவிற்றாதலின், இக்குறைவில் மருந்தாளுநரின் பங்கு இவ்வளவென்று பிரித்துரைக்க ஒப்பீட்டுக் குழுவேதும் அங்கில்லை.

அக்குறையை ஓரளவு நிரப்புவது, 50 மருந்துக் கடைகளைக் கொண்டு நடத்தி ஆர்மர் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு. அதில் மருந்தாளுநர் கவனித்த குழுவில் கடும் ஆஸ்துமா உடையோர் 87.9 சதவீதத்திலிருந்து 52.7 ஆகவும், ஒப்பீட்டுக் குழுவில் 71.2இலிருந்து 67.9 ஆகவும் குறைந்தனர். தொடக்கத்திலேயே இரு குழுக்களும் சமநிலையில் இல்லையென்பதால், இவ்வெண்களையும் நான் எச்சரிக்கையோடுதான் எடுத்தாள்கிறேன்.