ஏலத்துக்கு முன்பே முடிந்துவிடும் தேர்வு: திருச்சி வட்டார ஹாக்கியும் இளம் வீரர் மதிப்பீட்டின் வரலாறும்

2024 அக்டோபர் 13 முதல் 15 வரை புது தில்லியில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தது. ஆண்கள் அணி ஒவ்வொன்றும் 4 கோடி ரூபாய்க்குள் 24 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களில் 8 பேர் வெளிநாட்டவர், 16 பேர் இந்தியர். அந்தப் பதினாறு பேரில் 4 பேராவது ஜூனியர்களாக இருக்க வேண்டியிருந்தது. ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சத்துக்கு எடுத்ததுதான் செய்தியாயிற்று. ஆனால் ஆய்வுக்கு உரியது ஜூனியர்களுக்கான அந்த நான்கு இடம். இருபத்தொரு வயதுகூட ஆகாத ஒருவனுக்கு எதைப் பார்த்து விலை சொல்வது? இந்திய ஜூனியர் முகாம், தேசியப் போட்டி ஆகியவற்றில் அவன் ஏற்கெனவே பெற்ற இடத்தைப் பார்த்துத்தான். ஆகவே ஏலம் மதிப்பிடுவதில்லை. வேறெங்கோ, வேறு யாரோ செய்துவிட்ட மதிப்பீட்டுக்கு விலை மட்டும் வைக்கிறது. அந்த மூல மதிப்பீடு நடக்கும் வயது படிப்படியாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது என்பதும், அந்த இறக்கத்தில் நாம் இழந்தது அதிகம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திருச்சியில் இதன் தொடக்கத்தை ரயில்வேயில் தேடலாம். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்து 1928இல் இயங்கத் தொடங்கியது. இந்தியா ஒலிம்பிக்கில் முதல் ஹாக்கித் தங்கம் வென்றதும் அதே ஆண்டில்தான்; அந்த அணியில் ஆங்கிலோ இந்தியர்களே மிகுதி. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்த ரயில்வே குடியிருப்புகள் நாடெங்கும் இந்த ஆட்டத்தை வளர்த்தன. விளையாட்டு வீரனுக்கு ரயில்வே வேலை கொடுத்த முறையில் ஒரு நன்மை, யாரும் திட்டமிடாமலே, அமைந்திருந்தது. வேலைக்கு எடுக்கப்படுபவன் பதினெட்டைத் தாண்டியவன். அவன் உடல் வளர்ந்து முடிந்திருக்கும். உள்ளூர்ப் போட்டிகளில் சில பருவங்கள் ஆடி, தேர்வு செய்பவர்களின் கண்ணில் பலமுறை பட்டிருப்பான். அங்கே எடை போடப்பட்டது ஆட்டமே. வருங்கால உயரம் குறித்த ஊகம் அல்ல.

அந்த முறை நியாயமானதாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. குடியிருப்புக்கு வெளியே இருந்த பெரும்பான்மைக்கு மைதானமே எட்டாக்கனி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கோயிலைச் சுற்றிச் சுற்றி வீதிகளாக அமைந்த ஸ்ரீரங்கத்தில் கிரிக்கெட் மட்டையோடு ஒரு சிறுவன் உத்தர வீதியிலேயே ஆடிப் பழகிவிடலாம். 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கேட்கிற ஹாக்கிக்கு வீதி போதாது. அக்காலத் தேர்வின் குறை, பார்த்தவர்களைத் தவறாக எடை போட்டதில் இல்லை. பலரைப் பார்க்கவே இல்லை என்பதில் இருந்தது.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் செயற்கைப் புல்தரையில் நடந்தது. இந்தியா ஏழாவது இடத்துக்குப் போயிற்று. பிறகு 1990களில் வீரர்களை எத்தனை முறையும் மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி வந்தது, ஆஃப்சைடு நீங்கியது. ஆட்டம் ஓட்டமாயிற்று. மண் தரையில் பந்தைக் கோலோடு ஒட்டி வைத்திருக்கும் கைத்திறனைவிட, நிற்காத வேகத்துக்கே மதிப்பு ஏறியது. விலை உயர்ந்த செயற்கைப் புல்தரை சில ஊர்களில் மட்டுமே சாத்தியம் என்பதால், வீரனைத் தரை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக விளையாட்டு விடுதிகள் அவசியமாயின. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் மாணவரைச் சேர்க்கின்றன. முடிவெடுக்கும் வயது பதினெட்டிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு இறங்கியது இப்படித்தான்.

பன்னிரண்டு வயதில் ஒரே வகுப்புப் பையன்களுக்குள் உடல் வளர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு வேறுபாடு இருப்பது இயல்பு. முந்தி வளர்ந்தவன் ஓட்டத்தில் முந்துவான். அதைத் திறமை என்று கண் எழுதிக்கொள்ளும். இதற்கு வலுவான சான்று பனி ஹாக்கியிலிருந்து வருகிறது. வட அமெரிக்க லீக் 1963 முதல் இளையோரை வரிசைப்படி அணிகளுக்குப் பங்கிடுகிறது. 1975 முதல் அதற்கென்றே ஒரு மைய மதிப்பீட்டு அலுவலகம் வைத்திருக்கிறது. கனடாவில் வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குவதால், இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதை ராஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் காட்டினர். 2013இல் ராபர்ட் டீனர் குழு இன்னும் ஆழமாகப் போயிற்று. 1980 முதல் 2007 வரை பங்கிடப்பட்ட கனடியர்களில், ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் தகுதிக்குக் கீழான இடத்திலேயே எடுக்கப்பட்டிருந்தனர். அதே வரிசை எண்ணில் எடுக்கப்பட்ட ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்களைவிட, 400 ஆட்டம், 200 புள்ளி போன்ற மைல்கற்களை எட்டும் வாய்ப்பு இவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அத்தனை பணமும் ஆட்களும் கொண்ட அமைப்பே, பதினெட்டு வயதில்கூட, சிறுவயதில் விழுந்த கோணலை நிமிர்த்தவில்லை.

நம் ஊர்ச் சான்றிதழ்களில் பிறந்த தேதி நம்பத்தக்கதல்லவே, பள்ளியில் சேர்க்கும்போது மே, ஜூன் என்று எழுதிவைத்த காலம் உண்டே, கனடியக் கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பிறந்த மாதம் அங்கே ஓர் அடையாளம்தான். காரணம் உடல் முதிர்ச்சி. தேதியும் தவறாகிவிட்டால் பிழை கூடுமே தவிர குறையாது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் பதினாறு வயதுக்கு உட்பட்டோரின் மணிக்கட்டு எலும்பைப் படமெடுத்துப் பார்ப்பது இதை உணர்ந்துதான்; ஆனால் அது ஏமாற்றைத் தடுக்கும் சோதனை, தாமதமாக வளர்பவனைக் காக்கும் சோதனை அல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு கார்த்தி செல்வம். 1995 வரை திருச்சி மாவட்டத்தின் பகுதியாக இருந்த அரியலூரைச் சேர்ந்தவர். கோவில்பட்டி விடுதியில் வளர்ந்து, 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான 1-1 ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தார். விடுதி முறை வேலை செய்கிறது என்பதற்கு இது சான்றுதான், ஐயமில்லை. விடுதி இல்லாவிட்டால் அரியலூர்ப் பையனுக்குத் தேசிய அணி வெறும் கனவு. ஆனால் ஒரு சல்லடை எவ்வளவு நல்லது என்பதை அதில் தங்கியவர்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கீழே விழுந்தவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதும் தெரிய வேண்டும். 11ஆம் வகுப்பில் இன்னொரு வாசல் இருக்கிறதே என்பதும் உண்மை. அதற்குள் உள்ளே போனவன் நான்கு ஆண்டு புல்தரையில் ஆடியிருப்பான், வெளியே நின்றவன் மண்ணில். இருவரையும் ஒரே நாளில் ஒரே தரையில் ஓடவிட்டால் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான்.

விழுந்தவர்களை மறுபடி பார்க்கச் செலவாகுமே என்ற தயக்கத்துக்கு விடை எளிது. ஏழாம் வகுப்புத் தேர்வில் கடைசிச் சுற்றுவரை வந்து நின்றுபோனவர்களின் உயரத்தையும், இனி எவ்வளவு வளர்வார்கள் என்று கணிக்கப் பெற்றோரின் உயரத்தையும் குறித்துவைத்து, இரண்டு ஆண்டு கழித்து அவர்களை மட்டும் திரும்ப அழைத்து, சில வாரங்கள் புல்தரையில் பழகவிட்டுப் பார்க்கலாம். கரூர், பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஐந்து மாவட்டத்துப் பையன்களும் காலையில் பேருந்து ஏறி மாலையில் வீடு திரும்பக்கூடிய ஊர் திருச்சி. மறுபார்வையை இங்கிருந்தே தொடங்கலாம்.