காசு விழுங்கும் பெட்டிகளின் வரலாறு

காசைப் போட்டால் சொன்ன பொருளைத் தரும் பெட்டி ஒன்று. காசைப் போட்டால் ஆசையை மட்டும் தரும் பெட்டி மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகளே. துளையும், நெம்புகோலும், பற்சக்கரமும், வண்ண விளக்கும் இரண்டிற்கும் பொது. குணத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. இவ்விரண்டின் வரலாற்றையும், சூதாட்டப் பெட்டி பழம்பொருளாக ஒரு வீட்டிற்கு வந்து சேர்ந்தால் அதனை இனங்கண்டு செப்பனிடும் வகையையும், இம்மலரைப் படிக்கும் அன்பர்கட்கு இயன்ற மட்டில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நிலையத்து எடைப் பெட்டி

பெங்களூர்க் கண்டோன்மெண்டிற்கு இரயில் வண்டி வந்தது 1864-ஆம் ஆண்டில். அந்நிலையத்தில் ஏறி, ஜோலார்பேட்டை வழியாக ஊர் சென்று மீளும் மர்பி டவுன் வாசிகளாகிய நமக்கு, காசுப் பெட்டிகளில் முதற்கண் அறிமுகமானது நடைமேடையில் நின்ற எடை இயந்திரமே. மேடை மீது ஏறி நிற்கவேண்டும். சுழலும் வட்டு ஓயும் வரை பொறுக்கவேண்டும். பின்னர் நாணயத்தைத் துளையில் இடவேண்டும். கடகடவென்ற ஓசையுடன் ஓர் அட்டை வந்து விழும். அதன் ஒருபுறம் நம் எடை. மறுபுறம் ஒரு சோதிட வாக்கியமோ, திரைப்பட நடிகரின் படமோ இருக்கும். குழந்தைகட்குச் சோதிடத்தில்தான் நாட்டம். பெரியோர்க்கு எடையில்தான் கவலை!

இரயில்வேயில் பணி செய்வோர்க்கு அவ்வட்டை ஓர் உறவுப் பொருள் போன்றது. தாமஸ் எட்மன்சன் என்னும் ஆங்கிலேய நிலைய அதிகாரி 1830-களின் இறுதியில் வகுத்தளித்த தடித்த அட்டைப் பயணச் சீட்டின் சாயலே எடைச் சீட்டிலும் காணப்பட்டது. 1986-இல் டெல்லியில் கணிப்பொறி முன்பதிவு வந்தபின் அட்டைச் சீட்டு படிப்படியாகப் பின்வாங்கிற்று. எடைப் பெட்டியும் பெரும்பாலான நிலையங்களிலிருந்து மறைந்துவிட்டது.

காசிட்டால் இயங்கும் கருவி மேனாட்டாரின் புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ணுதல் வேண்டா. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோ என்னும் அறிஞர், கோயிலில் தீர்த்தம் வழங்கும் பெட்டியொன்றை விவரித்துள்ளார். நாணயம் ஒரு தட்டில் விழும். அதன் பாரத்தால் நெம்புகோல் சாயும். அடைப்புத் திறந்து நீர் ஒழுகும். நாணயம் வழுக்கி வீழ்ந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். இதே தத்துவத்தைக் கொண்டு பெர்சிவல் எவரிட் என்பார் 1880-களில் அஞ்சலட்டை விற்கும் பெட்டியையும், ஆளை எடை பார்க்கும் பெட்டியையும் அமைத்தார். இவை யாவும் நேர்மையான பெட்டிகள். கொடுத்த காசுக்குச் சொன்ன பண்டம் கிடைத்தது.

ஒற்றைக் கைக் கள்வன்

அதே காலத்தில் வேறொரு கிளை தோன்றிற்று. பவேரியாவிற் பிறந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் குடியேறிய சார்லஸ் ஃபே என்னும் கம்மியர், 1890-களில் ‘லிபர்ட்டி பெல்’ என்னும் சூதாட்டப் பெட்டியைச் செய்தார். மூன்று உருளைகள், உருளைக்குப் பத்து நிலைகள். கையை இழுத்தால் உருளைகள் சுழன்று நிற்கும். பத்தைப் பத்தால் இருமுறை பெருக்க, ஆயிரம் விதமான சேர்க்கைகள். மூன்று மணிகளும் ஒரே வரிசையில் நிற்பது அவ்வாயிரத்தில் அரிதாக நிகழ்வது. பக்கத்தில் ஒரே கை நீட்டிக்கொண்டிருந்தமையால், ‘ஒற்றைக் கைக் கள்வன்’ என்ற பொருளில் மக்கள் இவ்வகைப் பெட்டிகட்குப் பெயரிட்டனர். பொருத்தமான பெயரே!

1960-களின் முற்பகுதியில் பாலி நிறுவனம் ‘மணி ஹனி’ என்ற மின்சாரப் பெட்டியை வெளியிட்டது. பின்னர் 1976-இல் ஃபார்ச்சூன் காயின் நிறுவனம் உருளைகளை அகற்றித் தொலைக்காட்சித் திரையை வைத்தது. 1984-இல் இங்கே டெல்னஸ் என்பார் பெற்ற காப்புரிமையோ ஆட்டத்தின் அடிப்படையையே மாற்றிற்று.

அதனைச் சற்று விளக்குவோம். கண்ணுக்குத் தெரியும் உருளையில் 22 நிலைகள் எனக் கொள்வோம். மூன்று உருளைகட்கு 10,648 சேர்க்கைகள். ஆடுபவன் அதனைக் கணக்கிட்டுத் தன் வாய்ப்பை ஊகிக்கிறான். ஆனால் உள்ளிருக்கும் சில்லு, கண்ணுக்குத் தெரியாத வேறொரு பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. அப்பட்டியலில் உருளைக்கு 64 இடங்கள் இருந்தால் சேர்க்கைகள் 2,62,144. உருளை நிற்பது வெறும் அறிவிப்பே. தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. “அடடா, ஒரு படம் தவறிப் போயிற்றே!” என்று ஆடுபவன் ஏங்குகிறான். தவறியது படமன்று, அவன் கணக்கே.

இனங்காணும் முறை

பழம்பொருள் விற்போரிடமிருந்தோ, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்தோ இத்தகைய மின்னணுப் பெட்டி ஒன்று வீட்டிற்கு வருமாயின், அவசரப்பட்டு மின்சாரம் கொடுத்தல் ஆகாது. பின்புறத் தகட்டைப் படிக்கவேண்டும். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டில் இயங்குவது. நம் 230 வோல்ட்டை நேரே கொடுத்தால் புகைந்து போகும். அதற்கு மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

தகடு இல்லையெனில் காசுத் துளையே சான்று கூறும். 24 மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள காசுக்கு அமைந்த துளை அமெரிக்கக் கால் டாலருக்கு உரியதாகலாம். 28.5 மில்லிமீட்டர் காசுக்கு அமைந்தது பிரிட்டனின் பழைய பத்துப் பென்சுக்கு உரியதாகலாம்; அக்காசு 1992-இல் சிறுத்துவிட்டமையால், பெட்டி அதற்கு முற்பட்டது என்று ஊகிக்க இடமுண்டு.

நம் நாணயத்தின் கதையும் இத்தகையதே. 1962-இன் நிக்கல் ரூபாய் 28 மில்லிமீட்டர், 10 கிராம். 1983-இல் வந்த ரூபாய் 26 மில்லிமீட்டர், 6 கிராம். 1992-இன் எஃகு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம், 2011-இல் வந்ததோ 22 மில்லிமீட்டர்தான். காசு இளைக்க இளைக்க, பழைய துளைகள் யாவும் பொருந்தாமற் போயின. அன்றியும், இரும்புப் போலிக் காசைப் பிடிக்கக் காந்தம் வைத்த பெட்டி, காந்தத்தில் ஒட்டும் எஃகு ரூபாயையும் போலி என்றே தள்ளும். நல்ல காசு கள்ளக் காசாகும் விந்தை இது!

செப்பனிடும் முறை

மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே பெட்டியைத் திறக்கவேண்டும். துண்டித்தபின்னும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும்; ஆகலின் அனுபவமிக்க மெக்கானிக் உடனிருத்தல் நலம். குழந்தைகளை அருகில் விடலாகாது.

முதற்கண் பலகையில் உள்ள சிறு பேட்டரியைக் காணவேண்டும். ஆண்டுகள் பல சென்றபின் அது கசிந்து, பச்சை பூத்து, செம்புக் கோடுகளை அரித்துவிடும். இப்பெட்டிகள் ஊமையாவதற்குப் பெருங்காரணம் இதுவே. அதனை வெட்டியெடுத்து, அரித்த இடத்தைச் சிறிது வினிகரால் துடைத்து, பின் ஸ்பிரிட்டால் கழுவி, அறுந்த கோடுகட்கு மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைக்கலாம். அடுத்து, சிறு கண்ணாடிச் சாளரம் உடைய சில்லுகள் மீது ஒட்டியுள்ள காகிதத்தைப் பிய்த்துவிடலாகாது. அதில்தான் ஆட்டத்தின் பெயரும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். மேலும் அச்சாளரத்தின் வழியே புற ஊதா ஒளி பட்டால் உள்ளிருக்கும் நினைவு நாளடைவில் அழிந்து போகும். காசு செல்லும் பாதைக்கு எண்ணெய் இடுதல் கூடாது. தூசி ஒட்டிக் காசு சிக்கும். உலர்ந்த துணியே போதும். உதிரிப் பாகங்கட்கு நம் நகரத்து எஸ்.பி. ரோட்டுக் கடைகள் இருக்கவே இருக்கின்றன.

பெட்டி உயிர் பெற்றபின்

இங்ஙனம் செப்பனிட்ட பெட்டியைக் காட்சிப் பொருளாக வைத்துப் பிள்ளைகட்குப் பொறியியல் கற்பிக்கலாம், தவறில்லை. ஆனால் காசு வைத்துப் பிறரை ஆடவிட்டு இலாபம் கொண்டால், 1963-ஆம் ஆண்டின் கர்நாடகப் போலீஸ் சட்டத்தின் கண்ணில் அவ்வீடு சூதாட்ட விடுதியாகிவிடும். கோவாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி நட்சத்திர ஓட்டல்களில் இவை அனுமதிக்கப்பட்டன. அவ்வழக்கு இங்கே செல்லாது.

சட்டத்தினும் பெரிது வீட்டுக் கணக்கு. நூறு ரூபாய்க்குத் தொண்ணூறு திருப்பித் தரும் பெட்டி என்றே வைத்துக்கொள்வோம். தாராளமாகத் தோன்றுகிறதன்றோ? அத்தொண்ணூறையும் மீண்டும் இட்டால் எண்பத்தொன்று. ஐந்தாம் சுற்றின் முடிவில் சராசரியாக ஐம்பத்தொன்பதே மிச்சம். பெட்டி எவரையும் ஏமாற்றவில்லை. கணக்கை மட்டும் செய்கிறது. நளன் நாடிழந்த கதையை அறிந்த நாம், வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்ததை அறிந்த நாம், இதற்கு வேறு சான்று தேடவேண்டுமா?

தமிழ்நாட்டில் 2003-இலும், கர்நாடகத்தில் 2007 ஏப்ரலிலும் லாட்டரி நிறுத்தப்பட்டது. அதற்குமுன் சம்பள நாளில் லாட்டரிக் கடை முன் நின்ற கூட்டத்தை நம் காலனிப் பெரியோர் அறிவர். அன்றிரவு அடுப்பெரியாத வீடுகளை நம் தாய்மார்கள் அறிவர். இன்றோ ஒற்றைக் கைக் கள்வன் கைபேசிக்குள் புகுந்துகொண்டான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் வாயிலில் காவல் நிற்கும். வீட்டினுள் காவல் நிற்கவேண்டியவர் பெற்றோரே.

எடைப் பெட்டி நமக்கு நம் பாரத்தை உள்ளபடி சொல்லிற்று. மற்றப் பெட்டியோ நம் சட்டைப் பையின் பாரத்தைக் குறைத்ததுடன் சரி. இரண்டின் உள்ளமைப்பையும் பிள்ளைகட்குத் திறந்து காட்டுவோம். உருளை ஏன் அவ்வாறு நிற்கிறது என்பதைக் கண்ட பிள்ளை, அதன் முன் காசுடன் நிற்பதற்கு ஒருமுறை யோசிப்பான்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!