சோம்பல் என்று பெயர் பெற்ற நோய்

சென்னையிலிருந்து ரேணிகுண்டா நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், அரக்கோணத்தைக் கடந்தபின் வருவது திருத்தணி. 365 படிகளையுடைய முருகன் கோயில் குன்றினால் புகழ்பெற்ற ஊர். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1960 ஏப்ரல் முதல் நாளன்று தமிழகத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் உர்துவும் அருகருகே ஒலிக்கும் எல்லைப்புறம் அது. ஆயினும் எந்நேரமும் களைத்திருக்கும் பெண்ணைப் பற்றி வீட்டார் கூறும் தீர்ப்பு மட்டும் எம்மொழியிலும் ஒன்றே: ‘சோம்பேறி!’ அத்தீர்ப்பு எவ்வளவு பிழையாகக்கூடும் என்பதற்கு மருத்துவ வரலாறே சான்று.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்று அமைந்திருப்பது தைராய்டுச் சுரப்பி. கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை 1656இல் சூட்டியவர் ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டன். உடலின் வெப்பத்தையும் இதயத்தின் துடிப்பையும் உணவு எரியும் வேகத்தையும் ஆள்வது இச்சுரப்பியின் நீரே. அது குறைந்தால் உடல் மந்தமாகும், மிகுந்தால் படபடக்கும்.

இந்நோயை நம் முன்னோர் அறியாதவரல்லர். ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவின் அருகே வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலில் கழுத்துக் கழலையை விவரித்தார். அது பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவதையும் குறித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரசீக மருத்துவர் ஸையித் இஸ்மாயீல் ஜுர்ஜானி, கழலையும் கண் பிதுக்கமும் சேர்ந்து வருதலைக் கண்டெழுதினார். அயர்லாந்தின் ராபர்ட் கிரேவ்ஸ் இந்நோயை விவரித்து, அது அவர் பெயரைப் பெற்றதோ 1835இற்குப் பின்னர்தான்.

1811இல் பிரெஞ்சுக்காரர் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைப் பிரித்தெடுத்தார். 1820இல் ஜெனீவா மருத்துவர் கொயந்தே அதனைக் கழலைக்கு மருந்தாக்கினார். சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர் கழலையோடு சுரப்பி முழுவதையும் அகற்றிய நோயாளிகள் சிலர், நாளடைவில் உடல் ஊதி, அறிவு மழுங்கி, அசைவற்றோர் போலாயினர். 1883இல் அவ்வுண்மையை அவர் மறைக்காது வெளியிட்டார். சுறுசுறுப்பு என்பது குணம் மட்டுமன்று, சுரப்பியின் கொடையுமாகும் என்று உலகம் அன்றுதான் உணரலாயிற்று. 1891இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மரே, செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழிச் செலுத்தி, மந்தநிலையில் கிடந்த 46 வயது மாது ஒருவரை எழுப்பினார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

நம் நாட்டில் இவ்வரலாற்றின் பெருமைமிகு பக்கம் எழுதப்பட்டது இமயமலைச் சாரலில். திருத்தணியும் ஒருகால் அடங்கியிருந்த ஆந்திரத்தின் வடகோடியில், ஸ்ரீகாகுளத்தில் 1921இல் பிறந்தவர் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி. அவரும் தோழர்களும் 1956இல், இன்று இமாசலப் பிரதேசத்திலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாக வகுத்தனர். இரு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு. ஒன்றுக்குச் சாதாரண உப்பு. ஆறாண்டுகளில் முன்னிரு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் மாற்றமில்லை. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானதும் அவ்வாண்டே.

கழலை மலைநாட்டாரின் நோய், கடலருகே வாழும் நமக்கில்லை என்பது பிழை. கடலுப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகச் சொற்பம்; அதனைச் சேர்த்தே ஆகவேண்டும். அயோடின் சேராத உணவுப்பை நாடெங்கும் விற்பதற்கு 1998இல் வந்த தடை 2000இல் நீங்கி, 2006 மே மாதம் மீண்டும் வந்தது. அயோடின் உப்பையும் மூடிய கலத்தில், ஈரம் படாது வைத்தல் நலம்.

எனினும் உப்பு ஒன்றே இதற்கு முடிவன்று. உடலின் காப்புப்படையே சுரப்பியைத் தாக்கும் நிலையை 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விவரித்தார். இதனை உப்பு தீர்க்காது. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நிகழ்த்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு, வயது வந்தோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டுக் குறைவு இருத்தலைக் காட்டியது.

யார் விழிப்பாயிருத்தல் வேண்டும்? பெண்கள், குறிப்பாகக் கருவுற்றோரும் அண்மையில் மகப்பேறு கண்டோரும், குடும்பத்தில் இந்நோய் உள்ளோர், சிறுவயதிலேயே இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு உடையோர், கழுத்தில் கதிர்ச் சிகிச்சை பெற்றோர், முதியோர். தீராத களைப்பு, காரணமின்றி எடை கூடுதல், பிறர்க்கில்லாத குளிர், உலர்ந்த தோல், முடி உதிர்தல், மலச்சிக்கல், கம்மிய குரல், மிகுந்த மாதவிலக்கு, மறதி, மனச்சோர்வு ஆகியன குறைவின் அடையாளங்கள். நன்றாக உண்டும் மெலிதல், நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், மிகு வியர்வை, கண் பிதுக்கம் ஆகியன மிகுதியின் அடையாளங்கள். கழுத்தில் வீக்கம் தென்பட்டால் காலம் தாழ்த்தாது காட்டுதல் வேண்டும். பிற நோய்களிலும் இவை தோன்றக்கூடுமாதலால், டி.எஸ்.எச். என்னும் இரத்தச் சோதனையே தெளிவு தரும். பிறவியிலேயே குறைபாடுள்ள சிசுவுக்கு முதல் இரு வாரங்களுக்குள் மருந்து தொடங்கின், அறிவு வளர்ச்சி காக்கப்படும்.

குறைவுக்குரிய தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். ரமளானில் நோன்பு நோற்போர், ஸஹருக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்போ, இரவு உணவுக்கு வெகுநேரம் பின் உறங்கப்போகும்போதோ உட்கொள்ளுதல் பற்றி மருத்துவரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று. தாமாக நிறுத்துதல் தகாது.

பிணிக்கு மருந்து தேடுதல் நபிவழி எனப் போற்றும் சமுதாயம் நாம். மருமகளின் அயர்வைக் குறையாகப் பேசும் முன், அவளை ஒரு சோதனைக்கு அழைத்துச் செல்வதே அவ்வழிக்கு நாம் செலுத்தும் மரியாதை.