தோட்டத்தின் கதையை எழுதியவரும் எழுதாதவரும்

நெகிரி செம்பிலானிலே ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் முதலிய ஊர்களைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியோர் எவரையேனும் அணுகி, “உங்கள் பாட்டனார் இந்நாட்டுக்கு எப்போது வந்தார்? எவ்வாறு வந்தார்?” என்று வினவினால், கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே. கங்காணி அழைத்து வந்தார்; நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறினார்; இங்கே வந்து காடு வெட்டினார்; அவ்வளவே. வந்த ஆண்டு யாது? உடன் வந்தோர் எத்தனை பேர்? அவர்களுள் காய்ச்சலுக்கு இரையானோர் எத்தனை பேர்? இவ்வாறு மேலும் கேட்போமாயின் விடையில்லை. இஃது அம்முதியோர் குற்றமன்று. எழுதி வைத்தவர் இல்லை.

கடல் கடந்து சென்று அந்நிய மண்ணில் குடியேறியவர் நாம் மட்டுமல்லர். 1620 ஆம் ஆண்டில் மேபிளவர் என்னும் கப்பலில் 102 பிரயாணிகள் இங்கிலாந்தினின்றும் அமெரிக்காவுக்குச் சென்றனர். முதற் குளிர்காலத்திலேயே அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியோருக்குத் தலைவராய் வாய்த்த வில்லியம் பிராட்போர்டு, 1630 முதல் 1650 வரை தம் மக்களின் வரலாற்றைத் தம் கைப்பட எழுதி வைத்தார். பசியையும் நோயையும் மட்டுமன்றி, தம்மவர் செய்த பிழைகளையும் அவர் அதில் மறையாது குறித்தார். அக்கையெழுத்துப் பிரதி இடையிலே காணாமற்போய், லண்டன் பிஷப்பின் நூலகத்திலே கண்டெடுக்கப்பெற்று, 1856 இல் அச்சேறியது. 1897 இல் மாசாசூசெட்ஸ் நாட்டுக்கே திரும்பியது. இரு நூற்றாண்டு கழித்தும் அது பேசிற்று.

அந்நூலின் பெயரிலே ‘பிளிமத் பிளாண்டேஷன்’ என்ற தொடர் வருகின்றது. நம் தோட்டங்களுக்கு ஆங்கிலேயர் வழங்கிய சொல்லும் அந்தப் பிளாண்டேஷனே. பிராட்போர்டு காலத்தில் அச்சொல் மனிதரை ஓரிடத்தில் ஊன்றிக் குடியமர்த்துதலைக் குறித்தது. பிற்காலத்திலோ, பயிரை ஊன்றி, அதற்காக மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தும் இடத்தைக் குறிக்கலாயிற்று. சொல் ஒன்று, ஆனால் அங்கே குடியேறியவர் நிலத்துக்கு உடையவரானார், இங்கே வந்தவர் லயத்து அறைக்குக்கூட உடையவராகவில்லை.

அவர்கள் ஏன் எழுதினார்கள் என்பதே நாம் ஆராய வேண்டுவது. அவர்கள் பியூரிட்டன்கள் எனப்படும் தூய்மைவாதிகள். பிராட்போர்டின் கூட்டத்தார் அவர்களுள்ளும் தீவிரமானோர். இன்னார் கடைத்தேறுவர், இன்னார் கடைத்தேறார் என்பதை ஆண்டவன் முன்னரே நிச்சயித்துவிட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்மவர் ‘தலையெழுத்து’ என்று கூறுவதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஆயின், தலையெழுத்து என்று கூறி நம்மவர் வாளாவிருந்துவிட, அவர்களோ அவ்வெழுத்து யாதென அறியும் ஆவலால் தம் வாழ்க்கையை நாள்தோறும் சோதித்தனர். இன்று யான் செய்தது நலமா, தீதா என்று தாளில் குறித்தனர். மாசாசூசெட்ஸ் கவர்னர் ஜான் வின்திராப் 1630 முதல் 1649 வரை நாட்குறிப்பு எழுதினார். அவரோடு ஒரே கப்பலில் வந்த ஆன் பிராட்ஸ்டிரீட் அம்மையார், எட்டு மக்களைப் பெற்று வளர்த்துக்கொண்டே கவி புனைந்தார். அவர் கவிதைகள் 1650 இல் லண்டனில் நூலாயின.

வேத நூலை ஒவ்வொருவரும் தாமே படிக்க வேண்டும், குரு படித்துச் சொல்லக் கேட்பது போதாது என்பது அவர்களுடைய மற்றொரு கொள்கை. ஆதலின் குடியேறிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே, 1636 இல், ஹார்வர்டு கல்லூரியை நிறுவினர். 1640 இல் சங்கீதங்களின் மொழிபெயர்ப்பை அச்சிட்டனர். 50 குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஓர் உபாத்தியாயரை அமர்த்த வேண்டும் என்று 1647 இல் சட்டமியற்றினர்.

இவற்றைக் கண்டு அவர்களை உத்தமரென நாம் புகழ்வதற்கில்லை. தமக்கு வேண்டிய சுதந்திரத்தைப் பிறருக்கு அவர்கள் மறுத்தனர். மனச்சாட்சியின் மீது அரசுக்கு அதிகாரமில்லை என்ற ரோஜர் வில்லியம்ஸை நாடு கடத்தத் தீர்ப்பளித்தனர். வீட்டில் கூட்டம் கூட்டிச் சமய விளக்கம் செய்த ஆன் ஹட்சின்சன் என்னும் மாதையும் வெளியேற்றினர். 1692 இல் சேலத்தில் (நம் சேலமன்று, மாசாசூசெட்ஸ் சேலம்) சூனியக்காரரென்று 19 பேரைத் தூக்கிலிட்டனர். அத்தீர்ப்பளித்தவர்களுள் ஒருவரான சாமுவேல் சூவால், 1697 இல் கோயிற் சபையின் முன் நின்று தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1700 இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்துச் சிறு நூலும் வெளியிட்டார். தம்மையே சோதிக்கும் பழக்கம் அவரளவில் பயன்பட்டது. ஆயினும் அடிமை வியாபாரம் நிற்கவில்லை. 1761 இல் ஆப்பிரிக்காவினின்றும் கொண்டுவந்து பாஸ்டன் நகரில் விற்கப்பட்ட ஒரு சிறுமி, அவ்வீட்டிலேயே எழுத்துக் கற்று, கவி பாடினாள். பில்லிஸ் வீட்லி என்னும் அப்பெண்ணின் நூல் 1773 இல் வெளிவந்தபோது, ‘இஃது இவள் எழுதியதே’ என்று நகரத்துப் பெரியோர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் உடன் அச்சாயிற்று. அடிமைக்கு அறிவுண்டு என்பதற்கு எஜமானர்களின் சாட்சி வேண்டியிருந்தது. எனினும் இன்று நாம் நினைப்பது அவள் பெயரையேயன்றிச் சாட்சிகளின் பெயர்களையன்று.

நிற்க. இவ்வமெரிக்கச் சமாசாரத்துக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு யாதென வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அப்பியூரிட்டன்களின் வழிவந்த சபையார் 1810 இல் ஒரு மிஷன் சங்கம் கண்டனர்; அது அனுப்பிய ஆட்கள் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். வந்தவர்களுள் ஒருவரான டானியல் பூர் பிறந்த டான்வர்ஸ் என்னும் ஊர், அச்சூனிய வழக்குகள் முதன்முதல் கிளம்பிய பழைய சேலம் கிராமமேயாகும். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிற்று. அதற்குத் தலைவராயிருந்தவர் பூர். 1824 இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி ஏற்பட்டது. 1841 இல் ‘உதய தாரகை’ பத்திரிகை பிறந்தது. அம்மிஷனைச் சார்ந்த வின்ஸ்லோவின் தமிழ் அகராதி 1862 இல் வெளிவந்தது.

அவர்கள் விரும்பியது சமயமாற்றம். விளைந்ததோ வேறு. வட்டுக்கோட்டையில் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டினின்றும் அச்சுக்குக் கொணர்ந்தார். ஆறுமுக நாவலரோ மிஷனரிகளின் பள்ளியையும் அச்சுக்கூடத்தையும் கண்டு, அதே கருவிகளைக் கொண்டு சைவம் வளர்த்தார். எழுத்து ஒருவர் கைக்குப் போய்விட்டால், கொடுத்தவர் எண்ணியவாறே அது நடப்பதில்லை.

அவ்வாறு ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்தார் பலர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி மலாயாவுக்கு வந்தனர். சிரம்பானில் ரயில்வேயிலும் அரசாங்க ஆபீஸ்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் உத்தியோகம் பார்த்தனர். தோட்டங்களிலே கிராணிமார் ஆயினர். தமிழ்நாட்டினின்றும் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர்க் கங்காணி முறையிலும் வந்தோர் லயங்களிலே இருந்தனர். இருவரும் தமிழரே. காலைப் பெரட்டில் ஒருவர் பெயர் கூப்பிட்டார். மற்றவர் கைகட்டி நின்றார். எழுதுகோல் ஆபீசில் இருந்தது. பால்மரம் சீவும் உளி லயத்தில் இருந்தது. பேரேட்டில் ஏறியவை பால் நிறுவையும் கூலிக் கணக்குமே.

பள்ளிக்கூடம் இல்லாமலில்லை. பள்ளி வயதுச் சிறார் 10 பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1647 இன் சட்டத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அதை இயற்றியோர் தம் சொந்தப் பிள்ளைகளுக்காக இயற்றினர். இதை இயற்றியோரின் பிள்ளைகள் தோட்டப் பள்ளியில் படிக்கவில்லை. தொழிலாளி குடும்பத்தோடு தோட்டத்திலேயே நிலைக்க வேண்டும் என்ற எண்ணமே இதில் மிகுந்திருந்தது என்பது நமது கருத்து. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ உபாத்தியாயர் வேலையையும் பார்த்தார். அரிச்சுவடி முடியுமுன் பிள்ளை வேலைக்காட்டுக்குப் போயிற்று.

இவற்றின் பயனாய், நம் வரலாற்றை முதலில் எழுதியவர்கள் துரைமார், எழுதியவை அறிக்கைகள். 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களினின்றும் கொண்டு போகப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் மடிந்தனர். அவ்விடம் கைதிகளாயிருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குக் கல்லறைகளும் பெயர்ப் பட்டியல்களும் உள்ளன. நம்மவருட் பெரும்பாலார்க்குப் பெயர்தானும் எஞ்சவில்லை. பிற்காலத்தில் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சிலர் அத்துயரை நாவலாக்கினர். அவர்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். எனினும் நாவல் ஒன்று. நேரிற் கண்டவன் எழுதி வைத்த குறிப்பு வேறு.

இன்று நெகிரி செம்பிலானில் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாயின. பல வீடமைப்புப் பகுதிகளாய் மாறின. லயம் இடிபட்டது, கோயில் பெயர்ந்தது, இடுகாடு புதர் மண்டிற்று. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே. அதற்கும் நாள் அதிகமில்லை.

ஆதலின் வாசகர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் எளிது. பியூரிட்டன்களின் சமயத்தை நாம் கைக்கொள்ள வேண்டுவதில்லை. அவர்களுடைய ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக் கொள்வோம். வீட்டிலுள்ள பாட்டியின் அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமருங்கள். தோட்டத்தின் பெயர், கங்காணியின் ஊர், உடன் வந்தோர், மாண்டோர், வாங்கிய கூலி, பட்ட அடி, கட்டிய கோயில், படித்த பள்ளி யாவற்றையும் கேட்டு எழுதுங்கள். நம்மவர் சாதி பார்த்து ஒதுக்கிய கிணறும், குடித்து அழிந்த குடும்பமும் இருந்தால் அவற்றையும் மறைக்க வேண்டா. நடை செம்மையாயிருக்க வேண்டுமென்ற கவலை வேண்டியதில்லை. ஆண்டும் பெயரும் சரியாயிருந்தாற் போதும். இதற்கு எந்தப் பெரியாரின் சாட்சிக் கையெழுத்தும் நமக்குத் தேவையில்லை.