கிருமியின் வழியும் மனிதரின் பழியும்

பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் நின்று நோக்கும்போது, கடல் நமக்கு எல்லையாகத் தோன்றுவதில்லை; வழியாகவே தோன்றுகிறது. சாவடி என்பதே வழிப்போக்கர் தங்கும் இடமன்றோ? சற்றுத் தெற்கே, புதுச்சேரித் துறையிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாய் ரெயூனியோன், மர்த்தினீக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். மனிதர் செல்லும் வழியில் நோயும் செல்லும். நோய் வந்ததும், "இதைக் கொண்டுவந்தவன் யார்?" என்ற கேள்வியும் எழும்.

தொழுநோயைப் பொறுத்தவரை, இக்கேள்விக்கு உலகம் கண்ட விடை பெரும்பாலும் 'அயலான்' என்பதே. ஹவாய்த் தீவினர் அதனைச் சீனர் நோய் என்றனர். அலெக்சாந்தரின் படைவீரர்களே இந்தியாவிலிருந்து இந்நோயை மேற்கே கொண்டுசென்றனர் என்று ஐரோப்பிய அறிஞர் பலர் எழுதினர். பழியோடு தண்டனையும் சேர்ந்தது. 1865-இல் ஹவாய் அரசு இயற்றிய சட்டத்தின்படி நோயாளர்கள் மொலக்காய் தீவில் ஒதுக்கப்பட்டனர். புனித தமியான் அடிகளார் அங்குச் சென்றது 1873-இல். அதே ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் என்னும் மருத்துவர் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். இது பரம்பரைச் சாபமன்று, தொற்றே என்பதற்கு வழி பிறந்தது.

ஆயினும் அக்கிருமியை ஆய்வது எளிதாயிருக்கவில்லை. பிற கிருமிகளைப்போல் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் அது வளர்வதில்லை; ஒன்று இரண்டாகப் பெருகவே இரு வாரங்கள் ஆகின்றன. எலியின் பாதத்திலும், பின்னர் ஆர்மடில்லோ என்னும் அமெரிக்க விலங்கின் உடலிலுமே அதனை வளர்க்க முடிந்தது. 2001-இல் பாரிசின் பஸ்தேர் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் சாங்கர் மைய அறிஞரும் இணைந்து அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டனர். 32 இலட்சத்திற்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஏடு அது. அவர்கள் படித்த கிருமி தமிழ்நாட்டு நோயாளர் ஒருவரிடமிருந்து பெறப்பட்டது. ஆகவே அதற்கு 'டி.என்.' என்றே பெயர். உலகெங்கும் எடுக்கப்படும் தொழுநோய்க் கிருமிகளை ஒப்பிட்டு அளக்கும் அளவுகோலாக, நம் மண்ணின் பெயரறியா ஓர் ஏழை உடலின் கிருமி அமைந்தது. ஊர் ஒதுக்கிய நோயிலிருந்தே உலகுக்கு அறிவு பிறந்தது.

இக்கிருமி தலைமுறை தலைமுறையாக மிகச் சிறிதளவே மாறுகிறது. ஏட்டைப் படியெடுப்பவர் செய்த பிழை, அடுத்த படியிலும் தொடர்வதுபோல், மாறிய எழுத்து அதன் வழித்தோன்றல்களில் நிலைத்துவிடுகிறது. ஒரே பிழையுள்ள படிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று நாம் அறிவதில்லையா? இம்முறையில் 2005-இல் 21 நாடுகளின் 175 கிருமி மாதிரிகள் ஒப்பிடப்பட்டன; நான்கே வகைகள் காணப்பட்டன. இந்நோய் கிழக்கு ஆப்பிரிக்காவிலோ அண்மைக் கிழக்கிலோ தோன்றியிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். இந்தியாவே பிறப்பிடம் என்ற பழைய முடிவு ஆட்டம் கண்டது. தொடக்க இடம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை என்பதும் உண்மையே.

நம் முன்னோர் சென்ற தீவுகள் அடங்கிய கரீபியப் பகுதியில் காணப்பட்டது மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரிய நான்காம் வகை. அடிமைக் கப்பல்களின் வழியே அது சென்றது என்பது ஆய்வாளர் கருத்து. அந்த மேற்கு ஆப்பிரிக்காவுக்கே ஐரோப்பிய அல்லது வட ஆப்பிரிக்கப் பயணிகளால் நோய் வந்திருக்கலாம் என்றும் அவர்கள் கூறினர். அப்படியாயின், பழி யாருக்கு? சங்கிலியால் பிணைத்து இழுத்துவரப்பட்டவனுக்கா, அவனை விலைபேசியவனுக்கா? கிருமியின் மரபணு வழியைக் காட்டும், குற்றவாளியைக் காட்டாது. அவ்வழிகளை அமைத்தவை மனிதரின் வணிகமும் பேராசையுமே.

1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் நம் நாட்டில் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கோரும் உரிமையை 2019-இல்தான் நாடாளுமன்றம் அகற்றியது. நோயைக் குணமாக்கும் கூட்டு மருந்தோ 1980-களிலேயே வந்துவிட்டது! 2023-இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. எனினும், ஊரார் அறிந்தால் என்னாகும் என்றஞ்சித் தோலில் தோன்றிய உணர்ச்சியற்ற தேமலை மறைப்போர் நம்மிடையே உளர். மறைக்கும் காலம் நீள, நரம்பு கெடுகிறது; விரல் மடங்குகிறது; ஊனம் நிலைக்கிறது.

கிருமி எவ்வழியே வந்தது என்பதை அறிஞர் ஆராயட்டும். அந்தத் தேமலை அச்சமின்றி மருத்துவரிடம் காட்டும் வழியை நாம் திறந்து வைப்போம். வழிப்போக்கனின் ஊரையும் குலத்தையும் கேட்டா சாவடி இடந்தருகிறது?