தன்பாலின இணையர்: குற்றம் நீங்கியது; உறவுக்கு அங்கீகாரம் இல்லை

புது தில்லி: வயதுவந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்தது. ஆனால், அவ்வாறு சேர்ந்து வாழ்வோரைக் குடும்பமாக ஏற்கும் சட்டம் இந்தியாவில் இயற்றப்படவில்லை.

ஆங்கிலேயர் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தளர்த்தியது. அதை 2013-இல் ரத்து செய்த உச்ச நீதிமன்றமே ஐந்து ஆண்டுகளுக்குள் தனது நிலைப்பாட்டை மாற்றிக் கொண்டது.

திருமண வழக்கில் அத்தகைய திருப்பம் நிகழவில்லை. திருமணம் அடிப்படை உரிமையல்ல என்றும், சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் பணி என்றும் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 அக்டோபர் 17-ஆம் தேதி கூறியது. இணைந்து தத்தெடுக்கும் உரிமை 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் மறுக்கப்பட்டது. எனவே, இருவரில் ஒருவர் தனிநபராகவே தத்தெடுக்க இயலும். உடன் வளர்ப்பவர் சட்டத்தின் பார்வையில் பெற்றோர் அல்லர். சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகின.

இவ்வழக்கில் மத்திய அரசு அளித்த உறுதியின்படி, அமைச்சரவைச் செயலர் தலைமையிலான குழு 2024 ஏப்ரலில் அமைக்கப்பட்டது. இணையரை ஒரே குடும்ப அட்டையில் சேர்க்கலாம். வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கி, துணையை நியமனதாரராகக் குறிப்பிடலாம். நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்த துணையின் உடலைப் பெறலாம் என அதே ஆண்டில் அறிவுறுத்தப்பட்டது.

இவை சிறிய மாற்றங்கள் அல்ல. எனினும் அவை நிர்வாக அறிவுறுத்தல்களே. நியமனதாரருக்கு வங்கியிலிருந்து பணத்தைப் பெறும் உரிமை மட்டுமே உண்டு. அதன் உரிமையாளர் சட்டப்படியான வாரிசே. உயில் எழுதப்படாவிடில், இருவரும் சேர்த்த பணமாயினும், இறந்தவரின் பெயரில் உள்ள தொகையை அவரது பெற்றோரோ உடன்பிறந்தோரோ கோரலாம். பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணைக்கு வாரிசுச் சட்டத்தில் இடமில்லை.

உடல்ரீதியான பாதுகாப்பிலும் குறை நீடிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்கு இணையான பிரிவு கிடையாது. சம்மதமின்றி நிகழும் செயல்களுக்கு 2018-க்குப் பின்னரும் அப்பிரிவு பொருந்தி வந்தது. புதிய சட்டத்தின் வன்புணர்வுப் பிரிவு பெண்களுக்கு மட்டுமே உரியது என்பதால், பாதிக்கப்படும் வயதுவந்த ஆண்களுக்கு அதன்கீழ் புகார் அளிக்க வழியில்லை. பெண்ணை வன்புணர்வு செய்தால் குறைந்தபட்சம் 10 ஆண்டுகள் சிறை. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைச் சட்டமோ, திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுகள் வரையே தண்டனை நிர்ணயித்தது.