தூசு உறிஞ்சியும் துடைப்பமும்: ஓசூர் வீடுகளுக்கு வந்த ஒரு பொறியின் வரலாறு

தூசு உறிஞ்சி என்பது தரை, விரிப்பு, மெத்தை முதலியவற்றில் படிந்த தூசைக் காற்றோடு சேர்த்து இழுத்து ஒரு பையிலோ கலத்திலோ சேர்க்கும் மின்பொறி ஆகும். பேச்சு வழக்கில் இதை வேக்குவம் கிளீனர் என்றே சொல்கிறோம். உள்ளே சுழலும் விசிறி காற்றை வெளியே தள்ளுவதால் பொறிக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள காற்று அந்தக் குறைவை நிரப்பக் குழாய் வழியாகப் பாய்கிறது. தூசும் அதனுடன் செல்கிறது. பொறி தூசை உறிஞ்சுவதாக நமக்குத் தோன்றினாலும், உண்மையில் வெளிக்காற்றுதான் தூசை உள்ளே தள்ளுகிறது.

அமெரிக்க வீடுகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் புழங்கும் இந்தப் பொறி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி பகுதி வீடுகளில் பெரும்பாலும் பரண் மேல் இருக்கிறது. ஆண்டுக்குச் சில நாள் கீழே இறங்குகிறது. இதற்குக் காரணம் பொறியின் குறை மட்டுமன்று. அது எந்தத் தரைக்காகப் பிறந்தது, அதை யார் கையில் பிடிக்கிறார் என்னும் இரண்டு கேள்விகளிலும் அதன் வரலாறு அடங்கியிருக்கிறது.

பொறி பிறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் தரை முழுவதும் கம்பளம் விரிக்கும் பழக்கம் பரவியது. கம்பளத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசு மேலே எழும்பி மீண்டும் அதிலேயே படியும். வெளியே தூக்கிச் சென்று கொடியில் போட்டு அடிப்பதுதான் வழி. 1876-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் மெல்வில் பிஸ்ஸல் என்பவர், சக்கரத்தோடு சுழலும் தூரிகை கொண்ட கைவண்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளத்தில் கிடக்கும் குப்பையை வாரிக்கொள்ளும் அந்தக் கருவிக்கு மின்சாரம் தேவையில்லை.

1901-இல் இங்கிலாந்துப் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத், தூசை ஊதித் தள்ளுவதற்குப் பதிலாக இழுக்க வேண்டும் என்று கண்டார். நாற்காலியின் மீது கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் செய்த பொறி குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே வீட்டுக்குள் விடுவார்கள். ஏழாம் எட்வர்டு மன்னரின் 1902 முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்களை இந்தப் பொறிதான் தூய்மை செய்தது.

வீட்டுக்குள் ஒருவரே தள்ளிச் செல்லக்கூடிய பொறி, துப்புரவு வேலை செய்த ஒருவரிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலம் கேன்டன் நகரில் ஒரு கடையைப் பெருக்கும் வேலையில் இருந்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர். அவருக்கு ஆஸ்துமா இருந்தது. கம்பளம் பெருக்கும்போது எழுந்த தூசு அவரை வாட்டியது. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து ஒரு பொறி செய்தார். 1908 ஜூன் 2 அன்று அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பெருக்கியவருக்கு மூச்சு முட்டியதால் பிறந்த பொறி இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த உரிமையை வாங்கியவர், அதே வட்டாரத்தில் தோல் பொருள்கள் செய்து வந்த வில்லியம் ஹூவர். மோட்டார் வண்டிகள் பெருகினால் குதிரைச் சேணத்துக்கு வாய்ப்பு குறையும் என்று கண்டு புதுத் தொழில் தேடியவர் அவர். பத்து நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று விளம்பரம் கொடுத்து விற்றார். நாம் ஒளிநகல் எடுப்பதை ஜெராக்ஸ் எடுப்பது என்று சொல்வதைப் போல, இங்கிலாந்தில் தூசு உறிஞ்சியால் தூய்மை செய்வதை ஹூவர் செய்வது என்றே சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

நிமிர் வகையும் உருளை வகையும்

ஸ்பாங்லரின் பொறி நிமிர் வகையைச் சேர்ந்தது. மோட்டார், தூரிகை, பை, கைப்பிடி எல்லாம் ஒரே தண்டில் நிமிர்ந்து நிற்கும். நின்றபடியே முன்னும் பின்னும் தள்ளலாம். அடியில் சுழலும் தூரிகை கம்பளத்தின் நூல்களைத் தட்டி, ஆழத்தில் உள்ள மணலையும் முடியையும் எழுப்பும். காற்று அதை இழுத்துக்கொள்ளும்.

மற்றொன்று உருளை வகை. மோட்டாரும் பையும் தரையில் ஒரு பெட்டியாக இருக்கும். வளையும் குழாய் மட்டும் கையில் இருக்கும். சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1921-இல் வெளியிட்ட மாதிரி, சறுக்குக் கட்டைகள் மீது தரையில் படுத்தபடி நகர்ந்தது. கட்டிலின் அடியிலும் மாடிப்படியிலும் இதைக் கொண்டு செல்வது எளிது. கம்பளம் மிகுந்த அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிமிர் வகைக்கு நீண்ட காலம் செல்வாக்கு இருந்தது. ஐரோப்பாவின் பிற நாடுகள் பலவற்றில் உருளை வகை பரவியது. இந்தியாவுக்கு வந்து வேரூன்றியதும் உருளை வகைதான்.

இந்தியாவுக்கு வந்த வழி

1982-இல் டாட்டா குழுமத்தைச் சேர்ந்த ஃபோர்ப்ஸ் நிறுவனமும் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனமும் இணைந்து யுரேகா ஃபோர்ப்ஸ் என்னும் கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அதன் முதல் பொருள் யூரோகிளீன் என்னும் தூசு உறிஞ்சி. கடையில் அடுக்கி வைத்து விற்காமல், விற்பனையாளர் வீடு வீடாகச் சென்று செய்து காட்டி விற்கும் முறையை அந்த நிறுவனம் இந்திய நகரங்களில் பெரிய அளவில் கொண்டுவந்தது.

செய்முறை விளக்கத்துக்கு விற்பனையாளர்கள் விரும்பிய இடம் தரை அன்று, மெத்தையும் சோபாவும். தரை ஏற்கெனவே பளிச்சென்று இருக்கும். அன்று காலையில்தான் வீட்டுப் பெண்மணி பெருக்கித் துடைத்திருப்பார். ஆனால் சுத்தமாகத் தெரியும் மெத்தையிலிருந்து ஒரு கைப்பிடி தூசை எடுத்துக் காட்டினால் எவரும் திகைப்பர். நம் வீடுகளில் இந்தப் பொறிக்கு உரிய வேலை தரையில் இல்லை என்பதை அதை விற்க வந்தவர்களே முதலில் உணர்ந்திருந்தனர் எனலாம்.

இதே காலத்தில்தான் ஓசூரும் மாறிக்கொண்டிருந்தது. 1970-களில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்த பிறகு, 1980-இல் இங்கிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. அசோக் லேலண்டு வந்தது. 1984-இல் டாட்டா குழுமமும் டிட்கோவும் தொடங்கிய டைட்டன் நிறுவனம் தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை இங்கு நிறுவியது. மாதச் சம்பளம், சிறு குடும்பம், சோபா போட்ட முன்னறை என்று ஒரு புதிய வாழ்க்கை முறை உருவானது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரு. அங்கு விற்ற வீட்டுப் பொருள் ஓசூருக்கு வர நெடுநாள் ஆகவில்லை.

ஓசூரின் தரையும் துடைப்பமும்

புதுப்பொறி வந்து சேர்ந்த வீடுகளில் ஏற்கெனவே ஒரு கருவி இருந்தது. தமிழில் துடைப்பம், விளக்குமாறு, சீமாறு, கன்னடத்தில் பொரகெ, தெலுங்கில் சீப்புரு. மூன்று மொழியும் புழங்கும் ஓசூர்த் தெருவில் மூன்று பெயரும் கேட்கும். விளக்குமாறு என்ற சொல்லில் விளக்குதல் என்பது துலக்குதல். மாறு என்பது குச்சிகளின் கட்டு. வாசலுக்கு ஈர்க்குமாறு, வீட்டுக்குள் புல்லால் செய்த பூந்துடைப்பம், கூரைக்கு ஒட்டடைக் கம்பு என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கருவி உண்டு.

தரையும் வேறு. சாணம் மெழுகிய தரை, பின்னர் செங்காவி பூசிய சிமெண்டுத் தரை, மொசைக், இன்று டைல்ஸ். கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் கல்லுக்குப் பெயர் பெற்றதால் வசதியுள்ள வீடுகளில் கிரானைட் தரையும் உண்டு. இவை எல்லாமே கெட்டியான, வழவழப்பான தரைகள். தூசு இவற்றின் மேற்பரப்பில் நிற்கும், ஆழத்தில் புதையாது. துடைப்பம் ஒரு வீச்சில் தள்ளிவிடும், ஈரத்துணி மீதியை எடுத்துவிடும். கம்பளத்தைத் தட்டுவதற்காக அமைந்த சுழல்தூரிகையை வழவழப்பான தரையில் ஓட்டினால் சிறு கற்களையும் அரிசி மணிகளையும் பக்கவாட்டில் சிதறடிக்கும். நிமிர் வகை நம் ஊரில் ஊன்றாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மேலும், பெருக்குவது நம்மிடம் வேலையின் பாதிதான். துடைத்தால்தான் வீடு சுத்தமானதாகக் கணக்கு. தூசு உறிஞ்சி பெருக்கும், துடைக்காது. வாசல் தெளித்துக் கோலம் போடும் இடத்துக்கு அது வரவே முடியாது.

வைத்திருப்போர் அனுபவம்

இந்தப் பகுதியில் தூசு உறிஞ்சி வைத்திருப்பவர்களிடம் பேசினால், தரையைப் பற்றி அவர்கள் அதிகம் சொல்வதில்லை. மெத்தை, தலையணை, சோபாவின் இடுக்கு, புத்தக அலமாரி, கொசுவலை அடித்த சன்னல், கார் இருக்கை ஆகியவையே அவர்கள் பட்டியல். போகிக்கு முந்தைய வாரமும் ஆயுத பூசைக்கு முந்தைய நாள்களும் பொறி இறங்கும் காலம். பல பொறிகளில் காற்றை வெளியே ஊதும் வழியும் உண்டு; கணினியின் உட்புறத் தூசை ஊதவும், தையல் பொறியின் பஞ்சை எடுக்கவும் அதைப் பயன்படுத்துவோர் உண்டு. பொறியைச் செய்தவர் நினைத்த வேலை ஒன்று. வைத்திருப்பவர் கண்டுபிடித்த வேலைகள் பல.

குறைகளும் ஒரே மாதிரியானவை. இரைச்சலில் குழந்தை விழித்துக்கொள்கிறது. மின்கம்பி அடுத்த அறை வரை எட்டுவதில்லை. பை நிறைந்தால் இழுவை குறைகிறது. பையைத் தட்டும்போது அதே தூசு முகத்தில் அடிக்கிறது. எடுத்து, பொருத்தி, மீண்டும் கழற்றி வைக்கும் நேரத்தில் இரண்டு முறை பெருக்கிவிடலாம் என்பது பலரும் சொல்வது. பையில்லாத பொறியை ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்த பிறகே உருவாக்கினார். 1993-இல் அவர் பெயரில் நிமிர் வகைப் பொறி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. பை தொல்லை என்பது உலகம் முழுவதும் உணரப்பட்ட ஒன்றே.

ஆனால் ஆஸ்துமா, தூசு ஒவ்வாமை உள்ள வீடுகளில் மதிப்பீடு மாறுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரின் குளிர்காலம் கம்பளியும் மூடிய சன்னலுமாகக் கழியும். அத்தகைய வீட்டில் மெத்தைத் தூசை எழுப்பாமல் எடுக்கும் பொறி ஆடம்பரம் அன்று. ஸ்பாங்லரின் தேவையும் இதுவாகத்தான் இருந்தது.

கல்தூசு பற்றி ஓர் எச்சரிக்கை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல் அறுக்கும், மெருகேற்றும் பட்டறைகள் பல. கிரானைட்டில் குவார்ட்சு என்னும் படிகச் சிலிக்கா உள்ளது. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள் நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று தங்கினால் சிலிக்கோசிஸ் நோய் வரும்; அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. இத்தூசை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. நுண்துகள் முழுவதும் காற்றில் எழும். வீட்டுக்கு வாங்கும் சாதாரணத் துணிப்பைப் பொறியும் பயன்படாது. துகள் பையின் துளை வழியே வெளியேறி மீண்டும் அறையில் பரவும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ளுவதோ, ஹெப்பா வடிகட்டி பொருத்திய தொழிற்சாலை வகைப் பொறியைப் பயன்படுத்துவதோதான் சரியான முறை. பட்டறையில் உடுத்திய துணியை வீட்டில் உதறுவதும் தீங்கு. தூசு உறிஞ்சியின் உண்மையான தேவை இந்த மாவட்டத்தில் முன்னறையைவிடப் பட்டறையில்தான் அதிகம்.

யார் கையில்?

1983-இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷுவார்ட்ஸ் கோவன், வீட்டுப் பொறிகள் தாயின் வேலையைக் குறைக்கவில்லை என்று ஒரு நூலில் விளக்கினார். முன்பு கம்பளத்தை வெளியே தூக்கிச் சென்று அடிக்கும் வேலையில் ஆண்களும் பிள்ளைகளும் பங்கேற்றனர். பொறி வந்ததும் அது பெண் ஒருவரின் வேலையானது. ஆண்டுக்கு ஓரிரு முறை செய்தது வாராந்திரக் கடமையானது.

நம் நாட்டுக் கணக்கு இதைவிட வெளிப்படையானது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஓசூர்த் தொழிற்சாலைகளில் இன்று பெண்கள் பெருமளவில் வேலை செய்கின்றனர். கைக்கடிகாரம் பொருத்தும் கூடத்தில் ஒரு தூசுத் துகள் புகாமல் காக்கப் பொறிகள் பல உண்டு. பணி முடிந்து பேருந்தில் வீடு திரும்பும் பெண்ணுக்குக் காத்திருப்பது பூந்துடைப்பம்.

பெருக்கித் துடைக்கும் இரு வேலையையும் செய்யும் தானியங்கிப் பொறிகள் இப்போது வந்துள்ளன. நம் தரைக்கு இவை நிமிர் வகையைவிடப் பொருத்தமானவை. விலை குறைந்தால் பரவக்கூடும். ஆயினும் தரையில் கிடக்கும் பொருள்களை எடுத்து வைப்பது, கலத்தைக் கழுவுவது ஆகியவை மிச்சமிருக்கும். அவற்றை யார் செய்வது என்பதை வீட்டில் உள்ளவர்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். மாணவர்கள் இக்கட்டுரையைப் படித்தபின் தம் வீட்டில் ஒரு வாரத்துக்கு யார், எத்தனை நிமிடம் பெருக்குகிறார் என்று குறித்துப் பார்த்தால், தூசு உறிஞ்சியின் வரலாற்றில் தம் வீட்டுக்கு உரிய பகுதியையும் எழுதியவர்கள் ஆவர்.